அழிப்பதை மட்டும் அடுத்த மாதம் செய்

அலுவலகத்து மேசைக்கணினிகளை எல்லாம் எடுத்துவிட்டு, அவற்றின் வேலையை ஓரிடத்திலுள்ள பெரிய கணினிகளிடம் ஒப்படைத்துவிடலாமா என்ற கேள்வி, கணினிப் பிரிவுகளை நடத்தும் உங்களில் ஒவ்வொருவரிடமும் ஒருநாள் வந்து சேரும். சிலரிடம் ஏற்கெனவே வந்துவிட்டது. அதனால்தான் என்னை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். என் விடை நேரானது. ஒப்படைக்கலாம். நான் ஒப்படைத்தேன். அதே நாற்காலியில் மறுபடி உட்காரவைத்தால் மறுபடியும் அதையே செய்வேன். ஆனால் செய்த முறையில் ஒரு பிழை செய்தேன். எத்தனை சர்வர், எவ்வளவு நினைவகம் என்பவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பிழை எந்தக் கையேட்டிலும் இல்லை; ஆகவே அதை மட்டும் சொல்கிறேன்.

நான் கடைசியாகப் பணியாற்றியது ஒரு மருத்துவ அறக்கட்டளையில். தலைமை அலுவலகம் மாட்டுங்காவில் இருந்தது. ஆவணக் கிடங்கும் என் தொழில்நுட்பக் குழுவும் செம்பூரில். நோயாளிகள் அதிகம் வந்தது தாராவி கிளினிக்குக்கு. மூன்று இடங்களிலும் சேர்த்து இருநூறுக்குச் சற்றுக் குறைவான மேசைகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கணினிப் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதற்கே உரிய கோப்புகள்.

மாற வேண்டுமா என்ற முதற்கேள்விக்கு விடை சொன்னது மழை. ஒரு ஜூலையில் தாராவி கிளினிக்கின் தரைத்தளத்தில் முழங்காலளவு தண்ணீர் ஏறியது. வடிந்த மறுநாள் பெட்டிகளைத் தூக்கிச் சாய்த்தோம். திண்ணை உயரத்தில் இருந்த முகப்பு மேசையின் பெட்டி ஒன்றைத் தவிர ஒவ்வொன்றிலிருந்தும் கறுப்பு நீர் வழிந்தது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து எத்தனை வாரம் கொடுக்கப்பட்டது என்பதை மருந்துச் சீட்டுகளையும் மருத்துவரின் நினைவையும் வைத்து மீட்டெடுக்க ஒரு மாதம் ஆனது. நோயாளியின் விவரம் தண்ணீர் ஏறும் உயரத்தில் இருக்கக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். அந்த முடிவில் எனக்கு இன்றுவரை ஐயமில்லை.

நாங்கள் தேர்ந்த முறை இது. ஊழியரின் மேசையில் ஒரு திரை, ஒரு விசைப்பலகை, சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி, இவ்வளவே இருக்கும். திரையில் அவர் காணும் கணினி உண்மையில் நகரத்தின் புறத்தே ஐரோலியில், குளிரூட்டிய ஓர் அறையில் ஓடும். மாலையில் அவர் வெளியேறியதும் அந்தக் கணினி கலைக்கப்படும். மறுநாள் காலையில் மூலப் படியிலிருந்து புதிதாக ஒன்று உருவாகும். நேற்றைய குப்பை இன்றைக்குத் தங்காது. விற்பனை நிறுவனத்தார் இதைத் 'தூய்மை' என்றார்கள். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நான் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் என்னைக் கெடுத்ததில் அதற்கும் பங்குண்டு. காலையில் ஊழியர்கள் எல்லாரும் ஒரு மணி நேரத்துக்குள் சீராகப் பரவி உள்ளே நுழைவார்கள் என்று விற்பனை நிறுவனத்தார் கணக்கிட்டிருந்தார்கள். அவர்களுடைய பொறியாளர் சயானில் வளர்ந்த இளைஞர், நல்ல திறமைசாலி. அவரிடம் சொன்னேன்: "இந்த ஊர்ல ஜனங்க மணிக்கணக்குல வரமாட்டாங்க, தம்பி. வண்டிக்கணக்குல வருவாங்க."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. மூன்று நாள் காலையில் மாட்டுங்கா அலுவலக வாசலில் அவரையும் நிறுத்தி எண்ணவைத்தேன். பத்து நிமிடம் யாருமில்லை. பிறகு தாணேப் பக்கத்து ரயில் வண்டி வந்து நின்றிருக்கும். நாற்பது பேர் ஒருசேரப் படியேறினார்கள். மறுபடி வெறுமை. பிறகு நெருளிலிருந்து குர்லாவில் வண்டி மாறி வருகிறவர்கள், மற்றொரு முப்பது.

"என்ன சார் இது, கல்யாண மண்டபத்துல பந்தி போடுற மாதிரி இருக்கு!" என்றார்.

"பந்தியேதான். முதல் பந்தி உக்காரும்போதே இலை பத்தலேன்னா சம்பந்தி சண்டைக்கு வருவார்."

வண்டி வருவதற்கு முன்பே கணினிகளை உருவாக்கி அடுக்கி வைக்குமாறு அமைப்பை மாற்றினோம். மாட்டுங்காவில் முதல் திங்கட்கிழமை ஒருவர்கூடக் காத்திருக்கவில்லை. இந்த ஊரை எனக்குத் தெரியும் என்ற எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டது. ஊரில் ஒரு பகுதியை மட்டுமே எனக்குத் தெரியும் என்பது பிறகு தெரிந்தது.

வெள்ளோட்டத்துக்கு மாட்டுங்கா அலுவலகத்தை நான் தேர்ந்ததே தவறு. அங்கே பணியாளர் பிரிவும் கடிதப் போக்குவரத்துப் பிரிவும் இருந்தன. ஒழுங்கானவர்கள். அவர்களுடைய திரைகளில் என்னென்ன கோப்புகள் கிடக்கின்றன என்று பார்த்தேன்: பேரக் குழந்தையின் படம், ஒரு கல்யாணப் பத்திரிகை, ரயில் அட்டவணை, ரசப்பொடி அளவுக் குறிப்பு. ஆகவே திரையில் கிடப்பவை குப்பை என்று முடிவுகட்டினேன். சுற்றறிக்கை ஒன்று அனுப்பினேன். திரையில் உள்ள கோப்புகள் புதிய அமைப்புக்கு மாற்றப்பட மாட்டா. சொந்தக் கோப்புகளை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அலுவலகக் கோப்புகளைப் பொது அடைவில் இட வேண்டும். மூன்றே வரி. ஆங்கிலத்தில். தெளிவான சுற்றறிக்கை என்று அன்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

இங்கே இன்னொருவரைக் குறிப்பிட வேண்டும். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். என் முதல் வேலை ஒரு வங்கியின் கணினிப் பிரிவில். அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர், எந்த வேலையையும் ஒத்திப்போடுவதைச் சகிக்காதவர். ஆனால் தகவல் பதிந்த நாடாக்களை அழிப்பதென்று வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "செய்யவேண்டியதையெல்லாம் இன்னிக்கே செய். அழிக்கிறதை மட்டும் அடுத்த மாசம் செய்" என்பார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் அந்த விதியை மீறியதில்லை. தாராவியில் மீறினேன்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். அந்த ஆண்டு என் மனைவிக்கு உடல்நலமில்லை. குறிப்பிட்ட ஒரு திங்கட்கிழமையிலிருந்து நான் அவருடன் மருத்துவமனையில் இருக்க வேண்டியிருந்தது. அதற்குள் திட்டத்தின் எல்லாக் கட்டங்களையும் முடித்துவிட விரும்பினேன். வீட்டில் எதையும் முடித்துவைக்க இயலாத ஒருவன், அலுவலகத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட அவசரப்பட்டான். தாராவியின் பழைய பெட்டிகள் செம்பூருக்கு வந்து சேர்ந்த அன்றே அவற்றின் வட்டுகள் அழிக்கப்பட வேண்டும் என்று உத்தரவிட்டேன். நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்க என்று காரணம் எழுதினேன். காரணம் பொய்யல்ல. அதுதான் அதிலிருந்த ஆபத்து.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவி மாறியது. மறுநாள் திங்கட்கிழமை பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது. அழைத்தவர் செல்வி, கிளினிக்கின் முகப்பு மேசையில் உட்காருபவர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பிறந்து வளர்ந்தது தாராவியில். இரண்டு பிள்ளைகளின் தாய். நோயாளிகள் மருத்துவரைவிட அவருக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

"சார், என் டெஸ்க்டாப்புல ஒண்ணுமே இல்ல. தொடச்சுவிட்ட மாதிரி இருக்கு."

"அப்படித்தாம்மா இருக்கும். சர்க்குலர் படிச்சீங்களா?"

"படிச்சேன் சார். சொந்த ஃபைல எடுத்துக்கங்க, ஆபீஸ் ஃபைல காமன்ல போடுங்கன்னு இருந்துச்சு. இது ரெண்டும் இல்லையே."

"ரெண்டும் இல்லாம வேற என்ன?"

"பேஷன்ட்டுங்கள எப்படித் தேடிப் பிடிக்கணும்னு எழுதி வச்சது."

"அது ஆபீஸ் ஃபைல்தானே?"

"ஆபீஸ் ஃபைலுன்னா ஆபீஸ்ல யாராச்சும் ஒருநாளாவது கேட்டிருக்கணும்லா சார்? ஏழு வருஷமா ஒருத்தரும் கேக்கலையே."

அந்த அழைப்பை வைத்துவிட்டுச் செம்பூரை அழைத்தேன். அங்கே காதர் இருந்தார். என் குழுவில் நான் மிகவும் நம்பியவர். சொன்னதைச் சொன்ன நேரத்தில் முடிப்பவர்.

"காதர், தாராவி டிஸ்க்கை எல்லாம் நிறுத்தி வையுங்க."

"முடிச்சாச்சு சார்."

"எல்லாமா?"

"ஒண்ணு விடாம. நேத்து சாயந்தரமே. நீங்கதான சார் சொன்னீங்க, வந்த அன்னிக்கே முடிஞ்சிருக்கணும்னு? ஒரு தடவை இல்ல, மூணு தடவை மேல எழுதி அழிச்சிருக்கேன். இனி யாராலயும் எடுக்க முடியாது சார்." பாராட்டை எதிர்பார்க்கும் குரல். பாராட்டினேன். அவர் மீது பிழையில்லை.

அன்றாடக் காப்புப் படியிலும் அது இல்லை. காப்புப் படி எடுத்தது பொது அடைவை மட்டும். திரை குப்பை என்று கருதியது நான் மட்டுமல்ல போலும். எனக்கு முன்பிருந்தவர்களும் அப்படித்தான் கருதியிருக்கிறார்கள்.

ஒரு மணி நேரத்தில் தாராவியில் இருந்தேன். அந்தக் கோப்பு எதைப் பற்றியது என்று செல்வி சொல்லக் கேட்டபிறகே என் செயலின் அளவு புரிந்தது. காசநோய்க்கு மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், விடாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எங்கள் கிளினிக்கில் அறுபத்துமூன்று பேர் இருந்தார்கள். பாதியில் நின்றால் நோய் திரும்பும். அடுத்த முறை அதே மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகும். வராதவரைத் தேடிப் போக வேண்டும். பதிவேட்டில் முகவரி உண்டு; ஆனால் அது ரேஷன் அட்டையிலிருந்து எழுதியது. தொலைபேசி எண்ணோ மாதம் ஒருமுறை மாறும். செல்வியின் கோப்பில் இருந்தது வேறு. மாவு மெஷினுக்கு எதிரில் ஏணி ஏறி இடப்பக்கம். பதிவேட்டில் ஒரு பெயர், தெருவில் கூப்பிடுவது வேறு பெயர். இவரிடம் பேச வேண்டாம், மனைவியிடம் மட்டும் பேசு. இவர் முதலாளிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் வேலை போகும்.

"இத ஏம்மா டெஸ்க்டாப்புல வச்சீங்க?" என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

"காலைல வந்ததும் மொதல்ல அதத்தான் சார் பாப்பேன். கண்ணு முன்னால இருக்கணும்லா? பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுனா எப்படிப் பாக்கது?"

ஊழியர்களிடம் நான் அனுப்பிய வினாப்பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. எந்த மென்பொருள், எந்த அச்சுப்பொறி, எத்தனை மணி நேரம். காலையில் வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்ற கேள்வி அதில் இல்லை.

அன்று பகல் முழுவதும் அவருடைய மேசையருகே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். நான் பதிவேட்டிலிருந்து பெயரை வாசிப்பேன், செல்வி சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். இடையிடையே நோயாளிகள் வந்தார்கள்; அவர்களையும் கவனித்துக்கொண்டே சொன்னார். நாலு மணிக்குள் அறுபத்திரண்டு பேரை முடித்துவிட்டோம். ஒரு மனிதரின் நினைவு அவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது. என் சர்வர்களைப் பற்றி நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

மிச்சம் ஒருவர். பதிவேட்டில் ராஜகுமார். மாத்திரை புதன்கிழமையோடு தீர்கிறது. முந்தின வாரமே வந்து வாங்கியிருக்க வேண்டியவர். தொலைபேசி அணைந்திருந்தது.

"முகம் தெரியுது சார். மணின்னு கூப்பிடுவாவ. பை தைக்கிற காலாவுல வேல." சிறு பட்டறைகளை அங்கே காலா என்பார்கள். "முதலாளிக்குத் தெரியக்கூடாதுன்னு எழுதுனது ஞாபகம் இருக்கு. எடம் மட்டும் வர மாட்டேங்குது. ரெண்டு தரம் போயிருக்கேன்."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"உக்காந்து யோசிச்சா வராது சார். நடந்தாத்தான் வரும்."

செவ்வாய்க்கிழமை மதியம் இருவரும் நடந்தோம். கிளம்பும்போதே என் கழுத்தைப் பார்த்தார். "அந்தக் கார்ட உள்ள போடுங்க சார். கிளினிக்கு பேரப் பாத்தா தெருவே, யாருக்கு என்ன சீக்குன்னு கேக்கும்." அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். யாரிடமும் பெயர் சொல்லி விசாரிக்க முடியாது, அதுதான் சிக்கல். இரண்டு பேர் அகலமில்லாத சந்துகளில் செல்வி முன்னே, நான் பின்னே. ஒரு முக்கில் நிற்பார், தலையசைப்பார், திரும்புவார்.

"இது இல்ல சார். இங்க வடை வாசன வருது. அங்க தோல்பசை வாசன."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் முழங்கால்கள் வலித்தன. அவர் வேகம் குறையவில்லை. இன்னொரு சந்துக்குள் திரும்பி ஒரு வாசற்படியை ஒட்டி நான் கால் வைத்தேன். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் பாய்ந்து வந்தார்.

"ஏய்யா, கண்ணு அவிஞ்சா போச்சு? இப்பத்தானய்யா கழுவி விட்டேன்! செருப்போட ஏறுதியே! பாக்கப் படிச்ச ஆளு மாதிரி இருக்க!"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். செல்வியின் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், இந்தக் கல்லிதான், இந்தச் சந்துதான்! போன தடவையும் இவிய இப்படித்தான் ஏசுனாவ! இதேதான் சார்!"

"போன தடவ வந்தவ நீதானா? இப்ப ஆள் வேற கூட்டிட்டு வந்துட்டியா மிதிக்கதுக்கு?" என்றார் அந்த அம்மாள். செல்வி அவரை வணங்காத குறைதான்.

அடுத்த ஏணியின் மேலே அந்தக் காலா இருந்தது. செல்வி கீழே நின்று, "மணி அண்ணே, ஊர்லருந்து ஆள் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார். வெள்ளைத் தூள் படிந்த பனியனோடு ஒருவர் இறங்கி வந்தார். செல்வியைக் கண்டதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன் மழைல நனைஞ்சு போச்சுக்கா. நாளைக்கு வரலாம்னுதான் இருந்தேன்."

"நீங்க எப்பவும் நாளைக்குத்தான வாரீய." சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து, யாரும் பார்க்காதபடி அவர் கையில் திணித்தார்.

"இவரு யாரு?"

"இவருதான் உங்க அட்ரஸ அழிச்சவரு."

மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அழிச்சா நல்லதுதானக்கா? முதலாளி கையில சிக்காதுல்ல" என்றார்.

செல்வி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதை வழி முழுவதும் நினைத்துக்கொண்டே வந்தேன். கோப்பை அழித்தது என் பிழை. ஆனால் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய ஒரு திரையில் ஏழு ஆண்டுகள் அது கிடந்ததும் பிழைதான். என் திட்டத்துக்கு எதிரான வாதமும், அதற்கு ஆதரவான வாதமும் அந்த ஏணியடியில் ஒரே மனிதரிடமிருந்து எனக்குக் கிடைத்தன.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி மாட்டுங்காவில் ஒரு பள்ளியில் கணிதம் கற்பித்தவர். அதிகம் பேசக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் என்னை ஏசிய இடம் வந்ததும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு கட்டிலருகே இருந்த சிறு மேசையைக் காட்டினார். சென்ற வாரம் அதை நான் ஒழுங்குபடுத்தியிருந்தேன். மருந்துகளை வேளைவாரியாகப் பெட்டியிலிட்டு, பெயரொட்டி, கண்ணாடி, பென்சில், கட்டங்கள் நிரப்பும் புதிர்ப் புத்தகம் எல்லாவற்றையும் இழுப்பறையில் அடுக்கியிருந்தேன்.

"இதையும் இப்படித்தானே பண்ணினேள்? எங்கே வெச்சேன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தது. நீங்க அடுக்கினப்புறம்தான் தேடறேன்."

"ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

இரண்டு நாளில் அதே விடையை இரண்டாவது முறையாகக் கேட்டேன். இழுப்பறையைத் திறந்து, ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று அவர் சொல்லச் சொல்ல, எடுத்து வைத்தேன்.

வியாழக்கிழமை அறங்காவலர் கூட்டம். தலைவர் கனிவானவர். "உங்களுக்கு ஆத்துல இருக்கிற கஷ்டம் எல்லாருக்கும் தெரியும். இந்தத் திட்டமே வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்கோ. தாராவிக்குப் பழையபடியே பெட்டி வாங்கிப் போட்டுடலாம்" என்றார். கதவு திறந்தே இருந்தது. வெளியேறுவது எளிது. எத்தனையோ நல்ல திட்டங்கள் ஒரு பிழையின் கூச்சத்தில் கைவிடப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அந்தக் கூச்சம் வரும். அதற்கு இடங்கொடுக்காதீர்கள். பிழை முறையில் இருந்தால் முறையை மாற்றுங்கள். பிழை நோக்கத்தில் இருந்தால் மட்டும் திட்டத்தை விடுங்கள்.

திட்டம் தொடரும் என்றேன். ஆனால் தாராவியின் முகப்பு மேசைகளுக்கு மாலையில் கலையும் கணினி கிடையாது. அவரவருக்கென்று நிலையான கணினி ஐரோலியில் இருக்கும், திரையில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும். மாட்டுங்காவுக்குக் கலையும் கணினியே போதும். அவர்களுக்கு அது நன்றாகவே பொருந்தியிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே அமைப்பு என்ற பிடிவாதம் நிர்வகிப்பவரின் வசதிக்கு மட்டுமே. செல்வியின் குறிப்புகள் நோயாளியின் பதிவேட்டிலேயே 'தேடும் வழி' என்ற தனிப் பகுதியாகச் சேரும், தமிழிலேயே இருக்கும், முகப்பு மேசையும் மருத்துவரும் தவிர வேறு யாரும் திறக்க முடியாது. இனி எந்த இடத்தை மாற்றினாலும், நானோ காதரோ அங்கே ஒரு முழுக் காலை உட்கார்ந்து பார்த்த பிறகே மாற்றுவோம். அங்கிருந்து வரும் பழைய வட்டுகள் ஒரு மாதம் அழிக்கப்படாமல் செம்பூரில் பூட்டிவைக்கப்படும்.

கூட்டக் குறிப்பில் 'கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு' என்று எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு, 'பொறுப்பாளரின் முடிவால் நேர்ந்த இழப்பு' என்று எழுதச் சொன்னேன். தலைவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கவனக்குறைவு என்று பதிந்தால் அடுத்தவர் அதிலிருந்து எதையும் கற்கமாட்டார். 'நான் கவனமாக இருப்பேன்' என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொள்வார். நானும் கவனமாகத்தான் இருந்தேன்.

நான் குறிப்பிட்ட திங்கட்கிழமை வந்தது. அதற்குப்பின் நான்கு மாதங்கள். அவை இந்தக் கட்டுரைக்கு உரியவை அல்ல. என் இடத்தில் காதர் நின்று தாராவியை நான் சொன்னபடியே முடித்துவைத்தார். மனைவி இல்லாத வீட்டிலிருந்து நான் தனியனாக வேலைக்குத் திரும்பினேன்.

அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் மறுபடி வந்தது. சென்ற முறையைவிட ஒரு சாண் அதிகம். கிளினிக்கின் மேசைகளே நனைந்தன. சாப்பாட்டு டப்பா அளவுப் பெட்டிகள் மிதந்தன. மறுநாள் காலை வண்டிகள் ஓடவில்லை. மாட்டுங்கா அலுவலகத்தில் நானும் காவலாளியும் மட்டும் இருந்தோம். ஒன்பதரைக்குச் செல்வி வந்தார்; தாராவியிலிருந்து நடந்தே வந்திருந்தார். புடவை முழங்கால்வரை சேறு.

"டாக்டர் மேடம் வரமுடியாதுன்னுட்டாவ. இன்னிக்கு நாலு பேருக்கு மாத்திரை தீருது சார், அட்டைய நான் கையோட எடுத்துட்டு வந்துட்டேன். கிளினிக்குக்கு வந்து பூட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருவாவ. அப்புறம் பிடிக்க முடியாது. ஏதாச்சும் ஒரு மிஷின் குடுங்க."

பணியாளர் பிரிவில் காலியாக இருந்த ஒரு மேசையைக் காட்டினேன். உட்கார்ந்தார். கைகளைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு தன் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டார். ஓரிரு நொடி திரை இருண்டிருந்தது. நான் அவர் பின்னால் நின்றேன். இந்தத் தொழிலில் நான் காத்திருந்த நொடிகளில் அவைதாம் நீண்டவை.

திரை ஒளிர்ந்தது. முருகன் படம். இடப்பக்கம் அன்றைய பட்டியல். கீழ் மூலையில் மகளின் பள்ளி அட்டவணை. நடுவில், கண்ணுக்கு நேரே, நோயாளிகள் ஒவ்வொருவரையும் தேடும் வழி.

செல்வி தொலைபேசியை எடுத்தார். முதல் மூவரில் ஒருவரிடம் நேரே பேசினார். ஒருவருக்கு அண்ணியிடம் சொன்னார். ஒருவருக்கு மாவு மெஷின்காரரிடம் சொல்லிவிட்டார். நான்காவது மணி. "அண்ணே, இன்னிக்கு மாட்டுங்காவுக்கு வாங்க. நாளைக்கு இல்ல, இன்னிக்கு" என்றார். பதினொரு மணிக்குள் நால்வருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

தொலைபேசியை வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து திரையை ஒருமுறை முழுவதும் பார்த்தார்.

"வச்சது வச்ச எடத்துலயே இருக்கு சார்."

"ஆமாம்மா" என்றேன். பக்கத்து மேசையின் அச்சுப்பொறிக் கம்பி கழன்றிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். அது சரியாகத்தான் செருகியிருந்தது. ஆனாலும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.